செடித் தொட்டியில் நீலப்பச்சைப் பாசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நன்னீர்ச் செடித் தொட்டி (உள்ளே செடியும் வளர்க்கும் மீன்தொட்டி) வைத்திருப்பவர்கள் என்னிடம் வேறெந்தப் பாசியைப் பற்றியும் இவ்வளவு கேட்பதில்லை. கேள்விகளும் அநேகமாக ஒன்றேதான்: இது என்ன, எங்கிருந்து வந்தது, வழித்து எடுத்தாலும் நாலே நாளில் ஏன் திரும்ப வருகிறது. அவரவர் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னால், சிக்கலானவை பின்னால். அவசரத்தில் இருப்பவர்கள் நேராக 5-ம் கேள்விக்குப் போகலாம். ஆனால் 4-ஐயும் படித்துவிடுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் பாசியை மட்டும் எடுத்தால் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

1. மணல் மேல கரும்பச்சையா வழவழன்னு ஏதோ படியுது. இது சாதாரணப் பாசியா, நீலப்பச்சைப் பாசியா?

ஓரத்தில் விரலை வைத்து மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஏடு ஏடாக உரிந்து வந்தால் பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிதான். அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் சிக்கியிருக்கும். விளக்கு எரிந்து சில மணி நேரம் ஆனபின் அந்தக் குமிழிகளே ஏட்டை அங்கங்கே மேலே தூக்கி நிறுத்தும். வெளியே எடுத்து முகர்ந்தால் மக்கிய மண்ணும் சேறும் கலந்த வாடை அடிக்கும். ஜியோஸ்மின் போன்ற சேர்மங்கள் தரும் வாடை அது. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். பளிச்சென்ற நீலப்பச்சையிலிருந்து கறுப்பு, செம்பழுப்பு வரை பல நிறங்களில் வரும். மற்றவை இப்படி உரியாது: கண்ணாடியில் ஒட்டும் பச்சைப் புள்ளியை பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டும், நூல்பாசி இழை இழையாகச் சுற்றும், டயாட்டம் பழுப்புத் தூளாகத் துடைத்தால் போகும்.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு சோதனை இருக்கிறது. ஒரு சிட்டிகை பாசியை வெள்ளை டிஷ்யூ காகிதத்தில் வைத்து, வேறெதற்கும் பயன்படுத்தாத ஒரு டப்பாவில் மூடி, ஃப்ரீசரில் ஓர் இரவு விடுங்கள். மறுநாள் வெளியே எடுத்து உருகவிட்டால், ஈரம் பரவும் இடத்தில் நீலக் கறை ஊறி வரும். உறைந்து உடைந்த செல்லிலிருந்து ஃபைகோசயனின் என்ற நிறமி கசிவதுதான் அது. இந்த நிறமி தண்ணீரில் கரையும், பச்சையம் கரையாது. அதனால் பச்சைப் பாசியை எத்தனை முறை உறையவைத்தாலும் நீலம் வராது.

2. பாசின்னும் சொல்றாங்க, பாக்டீரியான்னும் சொல்றாங்க. எதுதான் சரி?

பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பது அதன் குடும்பப் பெயர். செல்லுக்குள் உட்கரு கிடையாது. ஆனால் செடியைப் போலவே ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து ஆக்சிஜனை வெளியிடும். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே இவற்றின் முன்னோர்களால்தான். தொட்டியில் ஏடாகப் படிபவை பெரும்பாலும் ஆசிலட்டோரியா, ஃபார்மிடியம், லிங்பியா போன்ற இழை வடிவ வகைகள்.

இது வெறும் வகைப்பாட்டு விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். பாசிக்கென்று விற்கும் பல வழிகள் இதனிடம் பலிக்காமல் போவதற்கும், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பலிப்பதற்கும் இதுதான் காரணம். இன்னொன்றும் உண்டு: ஆசிலட்டோரியா இழைகள் ஊர்ந்து நகரும். ஒரு சிறு கொத்தை வெள்ளைச் சாசரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்து, சில மணி நேரம் கழித்து லென்ஸால் பாருங்கள். கொத்திலிருந்து இழைகள் எல்லாத் திசையிலும் நீண்டு பரவியிருக்கும். காலையில் சுத்தமாக இருந்த இலை மாலையில் மூடிக்கிடப்பது எப்படி என்பது அப்போது புரியும்.

3. மீனுக்கு ஆபத்தா? நான் கையை விட்டுச் சுத்தம் பண்ணலாமா?

சில சயனோபாக்டீரியாக்கள் மைக்ரோசிஸ்டின், அனடாக்சின் போன்ற நச்சுகளை உண்டாக்கும். ஏரி, குளங்களில் இவை பெருகியபோது அந்தத் தண்ணீரைக் குடித்த நாய்களும் மாடுகளும் இறந்திருக்கின்றன. தொட்டியில் இருப்பது நச்சு வகையா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மீன்கள் வழக்கமாக இதனால் சாவதில்லை என்றாலும், கையுறை போடுங்கள், காயம் இருந்தால் கையை விடாதீர்கள், சிபன் குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்காதீர்கள். எடுத்த பாசியை நாய், பூனை நக்கும் இடத்தில் போடாதீர்கள்.

மீனுக்கு உண்மையான ஆபத்து வேறொரு நேரத்தில் வருகிறது: மொத்தப் பாசியும் ஒரே சமயத்தில் செத்து அழுகும்போது. அப்போது ஆக்சிஜன் குறையும், அம்மோனியா ஏறும். கீழே நான் சொல்லும் முறை முழுவதும் அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

4. ஏன் வருது? நான் தண்ணி எல்லாம் ஒழுங்காத்தான் மாத்துறேன்.

இதன் விதை எல்லாத் தொட்டியிலும் இருக்கிறது. செடியோடும் கல்லோடும் வரும், காற்றிலும் வரும். அதனால் எங்கிருந்து வந்தது என்று தேடுவதில் பயனில்லை. வந்தது ஏன் தழைத்தது என்று பாருங்கள். செடித் தொட்டிகளில் நான் பார்த்தவரை மூன்று காரணங்கள் சேர்ந்தே இருக்கும்.

முதலாவது, தண்ணீரில் செடிக்கு உணவாகும் நைட்ரேட் தீர்ந்துபோவது. செடிகள் நன்றாக வளரும், மீன் குறைவாக உள்ள தொட்டியில் நைட்ரேட் பூஜ்யத்துக்கு இறங்கும். செடி அங்கேயே நின்றுவிடும். சயனோபாக்டீரியாவில் சில வகைகள் தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வாயுவையே பிடித்து உணவாக்கிக்கொள்ளும்; அசோலா இலைக்குள் வாழும் அனபீனா செய்வது இதைத்தான். வாயுவைப் பிடிக்க முடியாத வகைகள்கூட அடியில் அழுகும் குப்பையிலிருந்து கசிவதை வைத்துக் காலம் தள்ளும். செடி பட்டினி கிடக்கும்போது போட்டியில்லாத இடம் இதற்குக் கிடைக்கிறது.

இரண்டாவது, சேர்ந்த அழுக்கு: மணலில் புதைந்த மீன் தீவனம், உதிர்ந்து அழுகும் இலை, பல மாதம் கழுவாத ஃபில்டர் ஸ்பாஞ்ச். மூன்றாவது, நீரோட்டம் எட்டாத மூலை. அங்கே அழுக்கும் படியும், ஆக்சிஜனும் குறையும். உங்கள் தொட்டியில் பாசி முதலில் எந்த இடத்தில் தோன்றியது என்று நினைத்துப் பாருங்கள். கல்லுக்குப் பின்னாலோ, முன்பக்கக் கண்ணாடியின் அடியிலோ, அடர்ந்த தரைச்செடியின் நடுவிலோ இருக்கும். தண்ணீரை ஒழுங்காக மாற்றுபவர்களின் தொட்டியிலும் இந்த இடங்கள் அப்படியேதான் கிடக்கின்றன.

5. சரி, போக்க என்ன செய்யணும்? முதல்ல இருந்து வரிசையாச் சொல்லுங்க.

முதலில் கை வேலை. ஃபில்டரை நிறுத்துங்கள், ஓடினால் கிழியும் துண்டுகள் தொட்டி முழுக்கப் பரவும். சிபன் குழாயை ஏட்டின் மேல் பிடித்து அப்படியே உறிஞ்சுங்கள். மணல் மேல் இருந்தால் மேல் மணலையும் அரை அங்குலம் சேர்த்து எடுத்துவிட்டு, பிறகு கழுவியோ புதிதாகவோ போடலாம். இலையில் இருப்பதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தளர்த்தி, அந்த இடத்திலேயே குழாயால் இழுங்கள். முழுதும் மூடிய இலைகளை வெட்டிவிடுங்கள், அவை இனி தேறாது. இந்த வேலையில் பாதித் தண்ணீர் தானாகவே வெளியேறிவிடும். குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை நிரப்புங்கள். இந்த ஒரு நாள் வேலைக்கு எத்தனை நேரம் கொடுக்கிறீர்களோ அந்த அளவுக்கு மற்றதெல்லாம் சுலபம். மருந்தையோ இருட்டையோ நம்பி இதை அரைகுறையாகச் செய்வதுதான் பெரும்பாலானவர்கள் தோற்கும் இடம்.

அடுத்து, அன்றே நைட்ரேட்டை லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கொண்டுவாருங்கள் (கணக்கு 8-ல்). பிறகு முழு இருட்டு. விளக்கை அணைத்தால் மட்டும் போதாது; கறுப்புத் துணியாலோ தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் பையாலோ நான்கு பக்கமும் மேலேயும் மூடுங்கள். கார்பன் டை ஆக்சைடு போடுபவர்கள் அதைக் கட்டாயம் நிறுத்துங்கள். இருட்டில் செடி அதை எடுக்காது, பி.எச். இறங்கி மீன் மூச்சுத் திணறும். ஃபில்டர், ஹீட்டர் ஓடட்டும். ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும், காற்று உள்ளே போக மேலே ஒரு சிறு இடைவெளி விடுங்கள். மூன்று முழு நாட்கள் குறைந்தபட்சம், நான்கு நாட்கள் நல்லது. நடுவில் திறந்து பார்க்க வேண்டாம்.

திறக்கும் நாளில் சாம்பலாகவோ மஞ்சளாகவோ தளர்ந்து கிடக்கும் மிச்சத்தை உறிஞ்சி எடுத்து, மறுபடியும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். அம்மோனியாவைச் சோதியுங்கள். நைட்ரேட்டை மீண்டும் 10-க்கு ஏற்றுங்கள். விளக்கை இரண்டு வாரத்துக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரம் மட்டும், டைமர் வைத்து. கார்பன் டை ஆக்சைடை விளக்கோடு திரும்பத் தொடங்கலாம்.

6. நாலு நாள் இருட்டுல என் செடி எல்லாம் செத்துடாதா?

சாகாது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் போன்றவை இருட்டை உணர்ந்ததாகவே காட்டாது. தண்டுச் செடிகள் கொஞ்சம் வெளிறி நீண்டிருக்கும், ஒரு வாரத்தில் நிறம் திரும்பும். செடிக்குக் கிழங்கிலும் தண்டிலும் வேரிலும் சேமிப்பு உண்டு, மெல்லிய பாசி ஏட்டுக்கு அவ்வளவு சேமிப்பு கிடையாது. இந்த வித்தியாசம்தான் இருட்டு முறையின் அடிப்படை. நட்டு ஒரு வாரம்கூட ஆகாத தரைச்செடிகள், ஏற்கெனவே அழுகத் தொடங்கிய செடிகள் இருந்தால் மட்டும் தயங்குங்கள். அப்போது 10-ல் சொல்லும் பெராக்சைடு வழி பொருத்தம்.

7. அந்த நாலு நாளும் மீனுக்குச் சாப்பாடு?

வேண்டாம். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த மீன் நான்கு நாள் பட்டினியைத் தாங்கும். தீவனம் போட்டால் அது இருட்டில் அழுகும். குஞ்சு மீன்கள் இருந்தால் அவற்றை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

8. நைட்ரேட் கூடினா பாசி வரும்னுதான் எல்லாரும் சொல்றாங்க. நீங்க போடச் சொல்றீங்களே?

கேட்பவர்கள் அதிகம் திகைக்கும் இடம் இதுதான். செடியே இல்லாத தொட்டியில் நைட்ரேட் ஏறிக்கொண்டே போனால், அது அங்கே சேர்ந்துள்ள மொத்த அழுக்கின் அடையாளம். செடித் தொட்டியில் கதை வேறு. இங்கே நைட்ரேட் செடியின் உணவு. தீர்ந்தால் செடி நிற்கும், செடி நின்றால் இடம் பாசிக்குப் போகும். ஏரிகளிலும் பாஸ்பரஸோடு ஒப்பிடும்போது நைட்ரஜன் குறைந்த தண்ணீரில் சயனோபாக்டீரியா மேலோங்குவதை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள்.

கணக்கு சுலபம். 1 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் 100 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் நைட்ரேட்டைக் கூட்டும். தொட்டியின் கொள்ளளவை வெளி அளவில் கணக்குப் போடாதீர்கள்: 60 x 30 x 36 செ.மீ. தொட்டி காகிதத்தில் 65 லிட்டர், மண்ணும் கல்லும் போக உள்ளே 50 லிட்டர்தான் இருக்கும். அதில் நைட்ரேட் பூஜ்யம் என்றால் 0.8 கிராம் போட்டால் 10-ஐத் தொடும். தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், பிறகு வாரம் ஒருமுறை சோதித்து 10-க்கும் 20-க்கும் இடையில் வைத்திருங்கள். சமையலுக்கோ பட்டாசுக்கோ விற்கும் கலப்படப் பொருளை வாங்காதீர்கள். செடி உரமாக விற்கும், உட்பொருள் அச்சிட்ட பொட்டலம் போதும். யூரியா, அம்மோனியம் உரம் எதையும் இதற்குப் பதிலாகப் போட வேண்டாம், மீன் தாங்காது.

9. டெஸ்ட் கிட்ல நைட்ரேட் 20 காட்டுது. அப்படியும் வருதே?

அப்படியென்றால் 4-ல் சொன்ன இரண்டாவது, மூன்றாவது காரணங்கள் உங்களுடையவை. சோதனை சொல்வது நடுத் தண்ணீரின் நிலையை. நீரோட்டம் எட்டாத மூலையில், ஏட்டுக்கு அடியில், நிலைமை முற்றிலும் வேறாக இருக்கும். ஒரு சிட்டிகை தீவனத்தையோ உலர்ந்த இலைத்தூளையோ தூவி அது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். நிற்கும் இடமும் பாசி இடமும் ஒன்றாக இருந்தால் விடை கிடைத்துவிட்டது: ஃபில்டர் வெளியேற்றியின் திசையை மாற்றுங்கள், கல்லை இரண்டு விரல்கடை முன்னால் நகர்த்துங்கள், தேவைப்பட்டால் நீரோட்டம் தரும் சிறிய பம்ப் (பவர்ஹெட்) ஒன்று.

எதிர்மாறாக, கிட் பூஜ்யம் காட்டினால் அதையும் உடனே நம்பாதீர்கள். திரவ நைட்ரேட் கிட்களில் இரண்டாவது பாட்டிலின் மருந்து அடியில் படிந்து இறுகும். பாட்டிலை மேசையில் தட்டி, நன்றாகக் குலுக்காமல் சொட்டு விட்டால் இருக்கும் நைட்ரேட்டும் இல்லாதது போலக் காட்டும்.

10. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தலாமா? எவ்வளவு?

ஊற்றலாம். சிறு இடத்தில் மட்டும் பாசி இருந்தால் எனக்கு இருட்டைவிட இதுதான் பிடித்த வழி. பச்சைப் பாசியைவிட சயனோபாக்டீரியா பெராக்சைடைத் தாங்குவதில் பலவீனமானது. நெதர்லாந்தில் 2009-ல் ஒரு ஏரி முழுவதிலும் லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம் கலந்தே அதை அடக்கியிருக்கிறார்கள். அது தண்ணீரில் மிதந்த வகை. தொட்டியில் ஏடாகப் படிவதைச் சுற்றிக் கோழை உறை இருப்பதால் அந்த இடத்திலேயே சற்று அடர்த்தியாகப் பட வேண்டும். வேலை முடிந்ததும் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் என்பது இதன் பெரிய வசதி.

10 லிட்டருக்கு 2.5 மில்லி, 3 சதவீதக் கரைசல்: ஒரு நாளைக்கு இதற்கு மேல் போகாதீர்கள். பாட்டிலின் சதவீதத்தைக் கட்டாயம் படியுங்கள். பல இடங்களில் 6 சதவீதம் விற்கிறது, அதை அப்படியே எடுத்தால் இரண்டு மடங்கு விழுந்துவிடும். '10 வால்யூம்' என்று போட்டிருந்தால் 3 சதவீதம், '20 வால்யூம்' என்றால் 6. விளக்கு எரியும் நேரத்தில் ஃபில்டரை நிறுத்தி, ஊசியில்லாத சிரிஞ்சால் ஏட்டின் மேல் மெல்ல விடுங்கள். உடனே சின்னக் குமிழிகள் கிளம்பும். 10 நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். இரண்டொரு நாளில் ஏடு சாம்பலாகித் தளரும், உறிஞ்சி எடுங்கள். வேண்டுமானால் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மூன்று முறை செய்யலாம். வாலிஸ்னேரியா, ரிச்சியா, மெல்லிய மாஸ் வகைகள் மேல் நேராகப் படக்கூடாது, கருகும்.

11. எரித்ரோமைசின் போட்டா ரெண்டே நாள்ல போயிடும்னு சொன்னாங்க. அதையே போட்டுடவா?

போகும், அது உண்மை. 2-ல் சொன்னபடி இது பாக்டீரியா. எரித்ரோமைசின் அதன் புரத உற்பத்தியை நிறுத்துகிறது. மீன்தொட்டிக்கென்று வரும் பொட்டலங்களில் வழக்கமான அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராம் அளவில் இருக்கும். ஆனாலும் இதை நான் கடைசியில்தான் வைப்பேன். கை வேலை, நைட்ரேட், நீரோட்டம், இருட்டு நான்கையும் ஒழுங்காகச் செய்து பார்த்தும் தீராத தொட்டிக்கு மட்டும்.

தயக்கம் ஏனென்றால், இது மனிதர்களின் நோய்க்கும் தரப்படும் ஆன்டிபயாடிக். பாதி அளவு போட்டு, பாதியில் நிறுத்தி, திரும்பத் திரும்பப் போடுவது மருந்துக்கு மசியாத பாக்டீரியாவை வளர்க்கும் வழி. அந்தத் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகிறது. காரணம் அப்படியே இருந்தால் மருந்து முடிந்தபின் பாசி திரும்ப வரும், அப்போது மறுபடியும் மருந்தா? போட்டே தீர வேண்டும் என்றால் முதலில் 5-ல் சொன்னபடி கையால் எடுத்துவிடுங்கள், ஃபில்டரிலிருந்து கரியை நீக்குங்கள், காற்று ஓடட்டும், பொட்டலத்தில் போட்ட அளவையும் நாட்களையும் முழுதாகப் பின்பற்றுங்கள், முடிந்ததும் பெரிய நீர் மாற்றம். மாத்திரை அட்டையை உடைத்துக் கண் மதிப்பில் போடாதீர்கள்.

12. அப்போ ஃபில்டர்ல இருக்குற நல்ல பாக்டீரியாவும் செத்துடுமே?

அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களை இந்த அளவு எரித்ரோமைசின் முழுதாகத் துடைத்துவிடுவதில்லை. கொஞ்சம் தடுமாறலாம். அதே நேரத்தில் செத்த பாசி அம்மோனியாவைக் கூட்டும். இரண்டும் சேர்ந்து வருவதால் மருந்து நாட்களிலும் அதன் பிறகு ஒரு வாரமும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் தினமும் சோதியுங்கள். ஏறினால் நீர் மாற்றம். அந்த வாரத்தில் ஃபில்டரைக் கழுவாதீர்கள்.

13. இதைத் தின்னுற மீனோ நத்தையோ இறாலோ எதாவது இருக்கா?

நம்பி விடக்கூடியது எதுவும் இல்லை. அமானோ இறால், ஓட்டோசிங்ளஸ், நெரைட் நத்தை எல்லாம் மற்ற பாசிக்கு அருமையான வேலைக்காரர்கள். இதன் மேல் நடந்து போய்விடுவார்கள். பாசிக்காக ஓர் உயிரை வாங்கினால் பாசியும் இருக்கும், தொட்டியில் கழிவும் கூடும்.

14. விளக்கு நேரத்தைக் கொஞ்சம் குறைச்சாப் போதாதா? எதுக்கு முழு இருட்டு?

1-ல் சொன்ன ஃபைகோசயனின் இங்கே வேலையைக் காட்டுகிறது. செடியின் பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் நன்றாகப் பிடிக்கும். நடுவில் உள்ள ஒளியைப் பிடிப்பதில் சுமார்தான். ஃபைகோசயனின் 620 நானோமீட்டர் அளவில் உள்ள ஆரஞ்சு ஒளியையும் விடாமல் பிடிக்கும். எனவே செடிக்குப் போதாத மங்கிய ஒளியிலும் இது வாழும். விளக்கைப் பாதியாக்கினால் முதலில் இளைப்பது செடிதான். ஒளியைக் குறைப்பதென்றால் முழுதாக நிறுத்துங்கள், இல்லையென்றால் செடிக்கு வேண்டியதைக் கொடுங்கள். இருட்டுக்குப் பின் 6 மணி நேரம் என்று சொல்வது பாசியைக் கொல்ல அல்ல. தேறிக்கொண்டிருக்கும் செடியின் உரத் தேவை ஒரேயடியாக ஏறாமல் இருக்க.

15. மேலே எல்லாம் சுத்தம். கண்ணாடிக்கும் மணலுக்கும் நடுவுல மட்டும் பச்சைப் பட்டை ஓடுது.

பக்கவாட்டில் விழும் ஒளி, அதுவும் ஜன்னல் வெயில், மணல் மட்டத்துக்குக் கீழே கண்ணாடி வழியாகப் புகுகிறது. அங்கே நீரோட்டம் இல்லை, அழுக்கு உண்டு, வெளிச்சமும் கிடைத்துவிட்டது. ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையைச் சொருகிக் கண்ணாடியை வழித்து, கலங்கியதை உறிஞ்சி எடுங்கள். பிறகு வெளிப்பக்கம் மணல் உயரத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள். பார்க்கவும் அழகாகவே இருக்கும். பட்டையை அசிங்கமாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்து விட்டுவிட வேண்டாம். மேலே திரும்பப் பரவும் பாசிக்கு அதுதான் கிடங்கு.

16. ஜாவா மாஸ் முழுக்கப் பின்னிடுச்சு. பிரிக்கவே முடியல.

கல்லோடு கட்டிய மாஸ் என்றால் வெளியே எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் பலமுறை அலசிப் பிழியுங்கள், முற்றிய பகுதியை வெட்டி எறியுங்கள், தெளிந்த நுனிகளை மட்டும் திரும்பக் கட்டுங்கள். ஒரு கைப்பிடி நல்ல மாஸ் மீண்டும் கல்லை மூடிவிடும். பெராக்சைடில் முக்கி எடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். மாஸ் அதைத் தாங்குமா என்பது வகையைப் பொறுத்தது, நான் வெட்டுவதைத்தான் சொல்வேன். தரையோடு பின்னிய மான்டி கார்லோ, ஹேர் கிராஸ் என்றால் முடிந்தவரை தாழ வெட்டி, வெட்டியதை உறிஞ்சிவிட்டு இருட்டுக்குப் போங்கள். வேரிலிருந்து புதிதாகத் துளிர்க்கும்.

17. புதுத் தொட்டி. மண் போட்டு மூணு வாரம்தான் ஆகுது. அதுக்குள்ள வந்துடுச்சு.

சத்துள்ள புது மண் முதல் வாரங்களில் அம்மோனியாவைக் கசியவிடும், செடி இன்னும் வேர் பிடிக்கவில்லை, ஃபில்டரும் பழகவில்லை. இந்தச் சமயத்தில் வருவது பெரும்பாலும் தொட்டி நிலைப்பட்டதும் ஒடுங்கும். நைட்ரேட் உரத்தை இப்போது போட வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று பாதி நீர் மாற்றம், ஒவ்வொரு முறையும் கையால் எடுப்பது, வேகமாக வளரும் தண்டுச் செடிகளையும் மிதக்கும் செடிகளையும் நிறையச் சேர்ப்பது, விளக்கு 6 மணி நேரம். இதுவே போதும்.

18. செர்ரி இறால் மட்டும் இருக்கிற தொட்டி. எனக்கு எது பாதுகாப்பு?

கை வேலையும் இருட்டும். ஏர் பம்ப்பை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். ஒரே நாளில் பாதித் தண்ணீர் மாற்றுவது இறாலுக்கு அதிர்ச்சி, அகாலத்தில் தோல் உரிக்கும். கால்வாசி கால்வாசியாக இரண்டு மூன்று நாளில் மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் வெப்பநிலையும் கடினத்தன்மையும் ஒத்திருக்கட்டும். பெராக்சைடு என்றால் 10-ல் சொன்னதில் பாதி அளவு, இறால் கூட்டமாக மேயும் இடத்தைத் தவிர்த்து. சிபன் வாயில் ஒரு வலைத்துணி கட்டிக்கொண்டால் குட்டி இறால்கள் போகாது.

19. யு.வி. ஸ்டெரிலைசர் மாட்டினா?

தன் வழியாகப் போகும் தண்ணீரில் மிதப்பதைத்தான் அது கொல்லும். தண்ணீர் பச்சையாகக் கலங்கும் தொட்டிக்கு அருமையான கருவி. மணலில் படிந்த ஏட்டை அது தொடாது.

20. இருட்டும் போட்டாச்சு, எல்லாம் போச்சு. ஒரு மாசத்துல அதே மூலையில திரும்ப வந்துடுச்சு!

அதே மூலை என்பதே நல்ல செய்தி. தொட்டி முழுக்க வந்திருந்தால் நைட்ரேட்டைச் சந்தேகிக்கலாம். ஒரே மூலை என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. கல்லைத் தூக்கிப் பாருங்கள். அடியில் கறுத்த, நாற்றமடிக்கும் மணல், அழுகிய வேர், செத்த நத்தை, புதைந்த உர மாத்திரை உடைந்து கசிவது, இவற்றில் ஒன்றை எதிர்பார்க்கலாம். அந்த இடத்தை மட்டும் ஆழமாக உறிஞ்சி, நீரோட்டத்தை 9-ல் சொன்னபடி திருப்புங்கள். மறுபடியும் நான்கு நாள் இருட்டு தேவையில்லை, அந்த மூலைக்குப் பெராக்சைடு போதும்.

இன்னொரு வகையும் பார்த்திருக்கிறேன். இருட்டு முடிந்த உற்சாகத்தில் மறுநாளே விளக்கைப் 10 மணி நேரத்துக்கு ஏற்றி, பட்டினி கிடந்த மீனுக்கு இரட்டைத் தீவனம் போடுவார்கள். இரண்டு வாரம் பொறுமை இங்கே பெரிய உதவி. அந்த நாட்களில் காலையில் விளக்கு எரியுமுன் ஒரு டார்ச் அடித்து மூலைகளைப் பாருங்கள். காசளவு தெரியும்போதே சிரிஞ்சை எடுத்தால் அதோடு முடிந்தது.

21. ஸ்பைருலினாவும் இதே இனம்தானாமே? அப்போ இதைக் காயவச்சு மீனுக்குத் தீவனமாப் போடலாமா?

இனம் சரிதான், ஸ்பைருலினா என்று விற்கப்படும் ஆர்த்ரோஸ்பைராவும் சயனோபாக்டீரியாதான். ஆனால் அது வகை தெரிந்து, தனியாக வளர்த்து, நச்சு சோதித்து வருவது. உங்கள் மணலில் படிந்தது எந்த வகை என்று தெரியாது (3-ஐப் பாருங்கள்). குப்பைத் தொட்டிக்குத்தான் போக வேண்டும்.

22. வெறுத்துப்போச்சு. எல்லாத்தையும் கொட்டிக் கழுவிப் புதுசா ஆரம்பிச்சுடவா?

வேண்டாம். 4-ல் சொன்னபடி இதன் விதை செடியோடும் காற்றோடும் திரும்ப வரும், நீங்கள் இழப்பது பழகிய ஃபில்டரையும் வேர்பிடித்த செடிகளையும். கொட்டிக் கழுவிய தொட்டி 17-ல் சொன்ன புதுத் தொட்டிதான், பாசிக்கு மிக வசதியான நிலை. மண்ணே நொறுங்கிக் களியாகி, எங்கே தொட்டாலும் கறுத்த சேறு கிளம்பினால் மட்டும் மண்ணை மாற்றுவது நியாயம். அப்போதும் ஃபில்டரைத் தொடாதீர்கள்.

23. பாசி இருந்த தொட்டியில இருந்து செடி வெட்டி நண்பருக்குக் கொடுக்கலாமா? வலை, குழாய் எல்லாம் மத்த தொட்டிக்குப் பயன்படுத்தலாமா?

கண்ணுக்குத் தெரியும் பாசி முழுதும் போய் ஒரு மாதமாவது ஆன பிறகு, நுனித் தண்டுகளை மட்டும் ஓடும் தண்ணீரில் அலசிக் கொடுங்கள். பாசி இருந்த தொட்டி என்று சொல்லியே கொடுங்கள். அவர் தொட்டியில் நைட்ரேட்டும் நீரோட்டமும் சரியாக இருந்தால் எதுவும் நடக்காது. வலை, கத்தரி, குழாயை வெயிலில் காயவைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், இந்த இனத்தில் பல வகைகள் காய்ந்து கிடந்தும் தண்ணீர் பட்டதும் எழும். 1 பங்கு வீட்டு பிளீச்சுக்கு 20 பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் வாடை போகும்வரை அலசிவிட்டு எடுத்து வையுங்கள்.